தோள் குழிக்குத் துளைவழி அறுவை

கேள்வி: பைக்கிலிருந்து விழுந்த என் கணவருக்குத் தோள் நழுவி, மூட்டுக்குழியின் விளிம்பு உடைந்துவிட்டது. சிறு துளை போட்டே எலும்பைச் சேர்த்துவிடலாம் என்கிறார் டாக்டர். நம்பலாமா?

பதில்: தாராளமாக நம்பலாம். மேற்கை எலும்பின் உருண்டைத் தலை பொருந்தி நிற்கும் ஆழமற்ற குழியின் முன்விளிம்பு, தோள் நழுவும்போது அத்தலை மோதுவதால் சில்லாகப் பெயர்வது உண்டு. சில்லு பெரிதாக இருந்து அப்படியே விடப்பட்டால், சட்டை மாட்டக் கையைத் தூக்கும்போதுகூட மூட்டு மீண்டும் நழுவக்கூடும். ஆர்த்ராஸ்கோப்பி எனப்படும் மூட்டு உள்நோக்கி முறையில், சுமார் 1 செ.மீ. அளவுள்ள மூன்று நான்கு துளைகளின் வழியே பென்சிலைவிட மெல்லிய கேமராவும் கருவிகளும் செலுத்தப்பட்டு, உப்புநீரால் விரிக்கப்பட்ட மூட்டுக்குள் சில்லு தன் இடத்துக்கு நகர்த்தப்பட்டு, எலும்பில் பதியும் சிறு ஆணிகளில் கோத்த நூலாலோ ஸ்குரூவாலோ இறுக்கப்படுகிறது. தோளின் முன்புறத் தசைநாரை வெட்டித் திறக்க வேண்டியதில்லை என்பதே இதன் பெரும் ஆதாயம். குழியின் நடுப்பகுதியே பல துண்டுகளாகச் சிதறியிருந்தால் பெரும்பாலும் திறந்த அறுவைதான் உகந்தது, அதை சி.டி. ஸ்கேன் காட்டிவிடும். துளை சிறிது என்பதற்காக எலும்பு விரைந்து கூடிவிடுவதில்லை. ஆகவே 4 முதல் 6 வாரம் கழுத்தில் மாட்டும் ஸ்லிங், பிறகு பிசியோதெரபி, பைக் சாவியோ ஏறத்தாழ 3 மாதம் மனைவியின் வசம்.