மொகாமா துறை: பாலத்தால் மறைந்த ஒரு சந்திப்பு

சென்னை எழும்பூரில் இறங்கி, மூட்டை முடிச்சுகளைத் தூக்கிக்கொண்டு சென்ட்ரலுக்கு ஓடிய கதையை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிராத தமிழ் மாணவர் நம்மிடையே மிகச் சிலரே இருப்பர். தெற்கிலிருந்து எழும்பூருக்கு வந்தது மீட்டர் பாதை வண்டி. சென்ட்ரலிலிருந்து வடக்கே புறப்பட்டது அகலப் பாதை வண்டி. ஒன்றின் சக்கரம் மற்றதன் தண்டவாளத்தில் பொருந்தாது. ஆகவே மனிதன் இறங்கி நடக்க வேண்டும். அவன் பெட்டியை இன்னொரு மனிதன் சுமக்க வேண்டும். நண்பர்களே, அந்த இரண்டு நிலையங்களுக்கும் நடுவே பூந்தமல்லி நெடுஞ்சாலைக்குப் பதிலாகக் கங்கையாறு ஓடுவதாக எண்ணிப் பாருங்கள். அதுதான் மொகாமா துறை.

பீகாரில், பாட்னாவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில், கங்கையின் தென்கரையில் உள்ளது மொகாமா. ஊரைவிட்டு ஆற்றை ஒட்டியிருக்கும் பகுதியை மொகாமா காட் என்பர். காட் என்னும் வடபுலச் சொல் நம் 'துறை'யைக் குறிப்பது. எதிர்க்கரையில் சிமாரியா. அரை நூற்றாண்டுக்கும் மேலாக, தென்கரையின் அகலப் பாதையும் வடகரையின் மீட்டர் பாதையும் இவ்விரு துறைகளின் வழியே கைகோத்து நின்றன. தண்டவாளங்கள் ஒன்றையொன்று தொடாமலே இருந்த விந்தையான சந்திப்பு அது.

இந்நிலை எவ்வாறு ஏற்பட்டது? கல்கத்தாவையும் வடமேற்கையும் இணைத்த கிழக்கிந்திய இருப்புப்பாதை 1860-களிலேயே கங்கையின் தென்கரையை ஒட்டி இயங்கத் தொடங்கிவிட்டது. அதன் அகலம் 5 அடி 6 அங்குலம். வடகரையிலோ இருப்புப்பாதையைக் கொண்டுவந்தது வாணிகம் அன்று, பஞ்சம். 1873-74-இல் பீகாரைப் பஞ்சம் வாட்டியபோது தானியம் கொண்டுசெல்ல, ஆற்றங்கரையிலிருந்த பாஜித்பூரிலிருந்து தர்பங்காவுக்கு 1874-இல் விரைந்து ஒரு பாதை போடப்பட்டது. திருஹுத் இருப்புப்பாதையின் தொடக்கம் அதுவே. செலவைக் குறைக்க வேண்டும் என்று மேயோ பிரபுவின் ஆட்சி 1870-இல் மீட்டர் அகலத்தைத் தேர்ந்திருந்தது. ஆங்கிலேயரின் ஆட்சியில் பிரெஞ்சு அளவு எப்படி நுழைந்தது என்று அறிவியல் மாணவர்கள் கேட்கலாம். அப்போது இந்தியாவுக்கே மெட்ரிக் முறையைக் கொண்டுவரும் எண்ணம் இருந்தது. அளவுமுறை வரவில்லை, தண்டவாளம் மட்டும் வந்தது! 1890-இல் திருஹுத் பாதையைப் பெங்கால் - வடமேற்கு இருப்புப்பாதைக் கம்பெனி ஏற்று நடத்தலாயிற்று.

பாலம் கட்டியிருக்கலாமே என்றால், கங்கை எளிதில் இடம் கொடுப்பவள் அல்லள். காசியில் 1887-இல் பாலம் கட்டினார்கள். அங்கே கரை உறுதியானது. பீகாருக்குள் நுழைந்த பிறகு ஆற்றின் இயல்பு வேறு. காக்ரா, சோன், கண்டகி என்று பெரிய ஆறுகள் வந்து கலக்கின்றன; மலை மண் வண்டல் வண்டலாக வந்து படிகிறது. இன்று ஓடும் இடத்தில் சில ஆண்டுகளில் மணல்திட்டு இருக்கும். தியாரா எனப்படும் அத்திட்டில் உழவர் விதைப்பர். மறுபடியும் ஆறு வந்து அதைக் கொண்டுபோகும். வெள்ளக்காலத்தில் நீர் உயர்வதோடு, ஓட்டத்தின் வேகத்தால் ஆற்றின் அடிமணலும் கரைந்து ஆழமாகிறது. ஆகவே பாலத்தின் கால்கள் கண்ணுக்குத் தெரியும் படுகையில் நின்றால் போதா. வெள்ளம் தோண்டக்கூடிய ஆழத்துக்கும் கீழே சென்று ஊன்ற வேண்டும். அத்தனைச் செலவுக்குக் கம்பெனிகள் துணியவில்லை. இரும்புத் தூண்கள் சுமக்க வேண்டியதை மனிதத் தலைகள் சுமந்தன.

இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. தென்கரையில் அகலப் பாதை வண்டிகளிலிருந்து நிலக்கரி, தானியம், உப்பு, துணி எல்லாவற்றையும் இறக்கி, தோணிகளில் ஏற்றி, நீராவிப் படகுகளால் ஆற்றைக் கடத்தி, வடகரையில் மீட்டர் பாதை வண்டிகளில் மீண்டும் ஏற்றினார்கள். இந்த வேலையை ஒப்பந்தமாக எடுத்தவர் ஓர் இளைஞர். பிற்காலத்தில் ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டு உலகப் புகழ் பெற்ற ஜிம் கார்பெட் தான் அவர்! இருபது ஆண்டுகளுக்கு மேல் அவர் வாழ்ந்தது காட்டிலன்று, இந்தத் துறையில். 1952-இல் வெளிவந்த 'மை இந்தியா' என்னும் நூலில் துறையின் வாழ்க்கையை அவர் எழுதியிருக்கிறார்.

அந்நூலில் என்னைப் பிடித்து நிறுத்தியவை புலிகள் இல்லாத பக்கங்களே. தொடக்கத்தில் மாதக்கணக்கில் ஒப்பந்தப் பணம் வந்துசேரவில்லை. கூலியின்றியே தொழிலாளர் சுமந்தனர். வீட்டில் பட்டினி என்ற பிறகே வாய் திறந்தனர். புது என்பவனின் பாட்டன் வாங்கிய கடன் இரண்டே ரூபாய். அது தந்தை தலைக்கு ஏறி, பேரன் தலைக்கும் ஏறி, ஆயுள் முழுவதும் உழைத்தாலும் தீராததாயிற்று; கார்பெட் தலையிட்ட பிறகே அந்தத் தளை அறுந்தது. தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கப்பட்ட சமாரி நிலக்கரிக் குழுவின் தலைவனாக உயர்ந்தான். காலராவில் அவன் மாண்டபோது கூடிய கூட்டத்தைப் பற்றி ஆசிரியர் எழுதியிருப்பதை நீங்களே படித்துக்கொள்ள வேண்டும். நான் சுருக்கினால் சுவை கெடும்.

பள்ளிக்கூடக் கதையை மட்டும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நிலைய அதிகாரி ராம் சரண் தொழிலாளர் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கினார். மேல்சாதிப் பிள்ளைகளும் கீழ்சாதிப் பிள்ளைகளும் ஒரே குடிசைக்குள் உட்காரக்கூடாது என்று தடை வந்தது. ஆயின், சுவரில்லாத கொட்டகையில் உட்காரத் தடையில்லையாம்! ராம் சரண் வாதாடவில்லை. குடிசையின் சுவர்களை எடுத்துவிட்டார். பள்ளி நடந்தது, நாளடைவில் வளர்ந்தது. சாதியின் அறிவீனத்தை அதன் விதியைக் கொண்டே வென்ற அந்த மனிதரை எண்ணும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருகிறது. சுவரை எடுத்தால் தீரும் நோயா அது என்ற எண்ணமும் உடனே வருகிறது.

ஒன்றை மறக்கலாகாது. இவையெல்லாம் ஒப்பந்தக்காரர் எழுதியவை. அவர் நல்லவர், தம் ஆட்களோடு உழைத்தவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும் கூடை சுமந்த பெண் தன் கழுத்துவலியைப் பற்றி எழுதிய பக்கம் ஒன்றையும் நான் காணவில்லை.

வடகரையிலிருந்து கல்கத்தாவுக்குச் செல்வோர்க்கு இத்துறை ஒரு முக்கிய வழி. 1908 ஏப்ரல் 30-ஆம் நாள் முசாபர்பூரில் குண்டு வீசிய இருவரில் பிரபுல்ல சாகி இவ்வழியே தப்ப முயன்றார். மே மாதத் தொடக்கத்தில் மொகாமாவில் போலீசார் சூழ்ந்தபோது தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு மாண்டார். அதே 1908-இல்தான் எதிர்க்கரைச் சிமாரியாவில், பின்னாளில் இந்தி இலக்கியத்தில் பெரும்புகழ் எய்திய கவிஞர் தினகர் பிறந்தார்.

விடுதலைக்குப் பிறகு பாலம் வந்தது. இடத்தைத் தேர்வதில், தொண்ணூறு வயதைக் கடந்திருந்த பொறியியல் மேதை விசுவேசுவரய்யாவின் கருத்து துணைநின்றது. ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளம். மேலே சாலை, கீழே இருப்புப்பாதை. 1959-இல் நேரு திறந்துவைத்தார். இராஜேந்திர சேது என்று பெயரிட்டார்கள். பீகாரில் கங்கைமீது எழுந்த முதற்பாலம் அதுவே. அன்றே துறையின் உயிர் போயிற்று. ஆற்றைக் கடக்கவென்றே பிறந்த ஊருக்கு ஆறே தடையாக இல்லாதபோது என்ன வேலை?

சுமை உடனே ஒழிந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். பாலம் ஆற்றைத்தான் வென்றது. அகல வேறுபாட்டை அன்று. அந்தச் சுமைமாற்று வேலை வடகரையில் பரௌனியை அடுத்த கர்ஹாராவுக்கு இடம்பெயர்ந்தது. அங்கே பெரிய முற்றத்தில் பெட்டிக்குப் பெட்டி சரக்கு மாற்றினார்கள். வடபீகாரின் பாதைகள் சிறிது சிறிதாக அகலப் பாதையான பின்னரே, அதிலும் 1992-இல் தொடங்கிய ஒரே அகலத் திட்டத்திற்குப் பின்னரே, அந்த வேலையும் மறைந்தது.

சென்ற குளிர்கால விடுமுறையில் நான் மொகாமாவில் இறங்கினேன். என் தந்தையார் இருப்புப்பாதை ஊழியராக வடக்கே வந்தவர். அந்தப் பாசம்தான் என்னை இழுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடுபனி. தால் எனப்படும் பள்ள நிலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் மசூர்ப் பருப்புச் செடி. துறைப்பக்கம் இப்போது மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் முகாம் இருக்கிறது. பழைய துறை எங்கே என்று தேநீர்க் கடையில் கேட்டேன். "எந்தத் துறை? ஆறு அப்போது இங்கே இருந்தது, இப்போது அங்கே இருக்கிறது" என்று ஒரு முதியவர் கையை நீட்டிக் காட்டினார். அவர் தகப்பனார் தலையில் கரிக்கூடை சுமந்தவராம். "உனக்குச் சொந்தக்காரர் யாரும் இங்கே வேலை பார்த்தார்களா?" என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். பிறகு எதற்காக இவ்வளவு தூரம் வந்தாய் என்று அவர் கேட்கவில்லை. இன்னொரு குவளை தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

மாலையில் பாலத்தைக் கடந்து பரௌனி சென்றேன். ஒரு முழு நாள் பிடித்த வேலையை வண்டி சில நிமிடங்களில் முடித்துவிட்டது. பெட்டியில் இருந்தவர்களில் ஒருவர் மட்டும் சன்னல் வழியே காசை ஆற்றில் எறிந்து கும்பிட்டார். மற்றவர்கள் உறங்கிக்கொண்டிருந்தார்கள்.