எழுந்து நில் என்று சொல்லாதே



நீ டீச்சர் வேலையில் சேர்ந்த சேதி உன் அம்மா சொல்லித் தெரியும். தேரிக்காட்டு ஓரம், ஈராசிரியர் பள்ளி, ஒன்றிலிருந்து ஐந்துவரை ஒரே ஹாலில். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளை மெட்ரிக் பள்ளி வேன் காலையிலேயே அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. மிச்சம் இருக்கிற பனையேறி வீட்டுப் பிள்ளைகளும் உப்பளத்துக்குப் போகிறவர்கள் பிள்ளைகளும்தான் உன்னிடம் வருகிறார்கள். நம் மிஷன் தொடக்கப் பள்ளிகளில் முக்கால்வாசி இன்று இப்படித்தான்.

நேற்று ஃபோனில் நீ ஒரு வார்த்தை சொன்னாய். "புத்தகம் சும்மா, யூனிஃபார்ம் சும்மா, ரெண்டு வேளை சாப்பாடும் சும்மா, அப்படியும் இந்தப் பிள்ளைகளுக்கு நன்றியே இல்லை பெரியம்மா." அப்போது பதில் சொல்லவில்லை. ஃபோனில் சொன்னால் சண்டையாகிவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

யார் கொடுத்ததற்கு யார் நன்றி சொல்ல வேண்டும்? உன் சம்பளம் அரசாங்கம் கொடுப்பது. மதியச் சாப்பாடு காமராஜர் காலத்தில் 1956-இல் தொடங்கியது. காலைச் சாப்பாடு 2024 ஜூலையிலிருந்து கிராமத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் வருகிறது. எல்லாம் வரிப் பணம். தீப்பெட்டி வாங்குகிற பனையேறியும் அதில் பங்கு போட்டிருக்கிறான். பள்ளிக்கூடம் மிஷனுடையதுதானே என்பாய். அந்த மிஷனும் வெள்ளைக்காரன் பணத்தில் மட்டுமா வளர்ந்தது? உலையில் போடுவதற்கு முன்னால் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்துக் கோயிலுக்குக் கொடுத்தவள் உன் பூட்டி. ஸ்தோத்திரப் பண்டிகையில் முதல் கருப்பட்டியைக் கொண்டுவந்து ஏலத்துக்கு வைத்தது இதே பனங்காட்டு ஜனங்கள்தான்.

நாகர்கோவில் கதை உனக்குத் தெரியுமோ என்னவோ. 1820 வாக்கில் மிஷனரி மார்த்தா மால்ட் அம்மா அங்கே பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்த காலம். 1855-இல்தான் அது ஒழிந்தது. பின்னி விற்ற காசு பெண்பிள்ளைகளின் போர்டிங் செலவுக்குப் போனது. அந்தக் காசில் விலைகொடுத்துத் தன்னையே மீட்டுக்கொண்ட அடிமைப் பெண்களும் உண்டு. அந்தப் பிள்ளைகள் கற்றது யார் போட்ட பிச்சையும் இல்லை. நாம் என்னவோ மிஷனரி துரைசானி படத்தை மட்டும் சுவரில் மாட்டி வைக்கிறோம்.

நான் வேலை பார்த்த ஒரு போர்டிங்கில் வெளிநாட்டு ஸ்பான்சர்களுக்குக் கடிதம் எழுதுகிற நாள் என்று ஒன்று வரும். அன்றைக்குத் தலைக்கு எண்ணெய் வழிய வழியத் தேய்த்து, பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, போர்டில் எழுதியிருப்பதை அப்படியே பார்த்து எழுதச் சொல்வார்கள். "நான் நலமாக இருக்கிறேன். உங்களுக்காக தினமும் ஜெபிக்கிறேன்." கீழே ஒரு பனைமரம், ஒரு வீடு, ஒரு சூரியன். போட்டோ எடுக்கும்போது பிள்ளையின் நெஞ்சுக்கு நேரே ஒரு சிலேட்டில் நம்பர். ஒரு தடவை நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று போர்டைப் பார்க்காமல், தன் வெள்ளாடு வயிறு ஊதிச் செத்துப்போனதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தாள். குட்டிக்கு இப்போது யார் பால் கொடுப்பார்கள் என்று கேள்வி வேறு. மொழிபெயர்த்த சார் அதை அடித்துவிட்டு, வழக்கமான நாலு வரியைப் போட்டு அனுப்பினார். ஸ்பான்சருக்கு வருத்தமாக இருக்குமாம். அந்த வருஷம் முழுக்க அங்கே எழுதப்பட்ட நல்ல தமிழ் அந்த ஒரு பக்கம்தான். வெளிநாட்டுப் பணத்துக்கான சட்டம் இறுகிய பிறகு இப்படிப் பல போர்டிங்குகள் மூடிக்கிடக்கின்றன. சிலேட்டு நம்பர் போய்விட்டதே என்று எனக்குச் சந்தோஷம். பிள்ளைகளுக்குச் சாப்பாடும் போய்விட்டதே என்பதும் உண்மை. இதில் எந்தப் பக்கம் நிற்பது என்று என்னைக் கேட்காதே.

உன் வகுப்பில் சிலேட்டு நம்பர் வேறு ரூபத்தில் இருக்கும். "உதவித்தொகை வாங்குகிறவங்க எழுந்திரு", "ஆதார் கொண்டு வராதவங்க எழுந்திரு". எமிஸ் இணையதளத்தில் விவரம் ஏற்றுகிற அவசரத்தில் வாயில் வந்துவிடும். சொல்லாதே. பிள்ளை எழுந்து நிற்கும்போது அவன் சாதியும் வறுமையும் சேர்ந்து எழுந்து நிற்கின்றன. 2023-இல் நாங்குநேரியில் பள்ளி மாணவன்மேல் நடந்த சாதித் தாக்குதலுக்குப் பிறகு நீதிபதி சந்துரு குழு கொடுத்த அறிக்கையை வாங்கிப் படி. கையில் சாதிக் கயிறு கட்டக்கூடாது என்பது மட்டும் அல்ல அதில் இருப்பது. வருகைப் பதிவேட்டில் சாதி தெரியக்கூடாது, வாத்தியார் பிள்ளையைச் சாதியைச் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்பதும் உண்டு. நம் பள்ளிகளில் இதெல்லாம் கிடையாது என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வா. 1833-இலேயே கல்கத்தா பிஷப் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவு போட்டார். இன்னும் எத்தனை ஊரில் கல்லறைத் தோட்டம் ரெண்டாக இருக்கிறது என்று உனக்கே தெரியும்.

சான்றிதழ் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இரு. 1950-ஆம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவுப்படி, கிறிஸ்தவராக மாறிய ஆதிதிராவிடர் எஸ்.சி. பட்டியலில் வரமாட்டார்; நம் மாநிலத்தில் அவருக்கு எஸ்.சி. உதவித்தொகை சிலது கிடைக்கும், இட ஒதுக்கீடு பி.சி. கணக்கில். அதனால் ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு சான்றிதழ், தங்கைக்கு இன்னொன்று என்று இருக்கும். துருவாதே, வகுப்பில் வைத்து மதம் கேட்காதே. பழைய டீச்சர்மார் சுடலைமுத்துவைச் சாமுவேல் என்று பதிவேட்டில் எழுதிப் புண்ணியம் தேடிக்கொண்டார்கள். பத்தாம் வகுப்பில் அந்தப் பையன் தாலுகா ஆபீசுக்கு அலைந்தான். பிறப்புச் சான்றிதழில் என்ன இருக்கிறதோ, எழுத்து மாறாமல் அதை எழுது.

ஜெபத்தைப் பற்றியும் கேட்டிருந்தாய். உன் பிள்ளைகளில் பாதிப் பேர் திருநீறு பூசி வருகிறவர்கள். அரசு உதவி வாங்குகிற பள்ளியில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை வேதபாடத்துக்கோ ஆராதனைக்கோ கட்டாயப்படுத்த முடியாது. அரசியல் சட்டம் 28-ஆம் பிரிவில் இருக்கிறது. தாளாளர் ஐயாவுக்கும் இது தெரியும். ஜெபம் நடக்கட்டும். சாப்பாட்டுக்கு முன்னால் கண்ணை மூடாத பிள்ளையைப் பார்த்துக் கண்ணை உருட்டாதே, அது போதும்.

மாசி, பங்குனியில் பாதிப் பேர் வருவதில்லை என்கிறாயே, அது சோம்பல் இல்லை. பதநீர் சீசன். குடும்பத்தோடு பனை விளையில் குடிசை போட்டு இருப்பார்கள். அப்பன் மரத்தில், அம்மா விடிலியில் கருப்பட்டி காய்ச்சுகிற அடுப்போடு. ஓலையும் சில்லாட்டையும் பொறுக்கிப்போட ஒரு கை வேண்டும். அந்தக் கைதான் உன் மூன்றாம் வகுப்புப் பையன். ஒரு சனிக்கிழமை நீயே போ. புகையில் கண் எரியும், பரவாயில்லை. பாகு பதத்துக்கு வருகிற நேரத்தில் பேச்சுக் கொடுக்காதே, அடிபிடித்தால் அவர்களுக்கு ஒரு நாள் கூலி போச்சு. சிரட்டையில் ஊற்றி முடிக்கட்டும். ஓலைப்பட்டையில் பதநீர் தருவார்கள். "வேண்டாம், நீங்க விக்கிறது" என்று பெரிய மனுஷி மாதிரி மறுத்துவிடாதே. உட்கார்ந்து குடி. பிறகு, "காலைச் சாப்பாட்டு நேரத்துக்கு அனுப்புங்க, மத்தியானத்துக்கு மேல வேணும்னா கூட்டிக்கோங்க" என்று கேட்டுப் பார். சட்டப்படி அது சரியில்லை. ஆனால் அரை நாள் வருகிற பிள்ளை வாசிக்கக் கற்றுக்கொள்ளும். முழுக்க விட்ட பிள்ளையை ஆறாம் வகுப்பில் தேட முடியாது.

இப்போதைக்கு இரண்டு வேலை செய். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சாதிச் சான்றிதழ் இல்லாதவர்கள் யார் என்று ரகசியமாக ஒரு பட்டியல் எடு, டி.சி. கொடுப்பதற்குள் இ-சேவை மையத்தில் போட்டுவிடலாம். ஆண்டு விழாவில் நோட்டுப் புத்தகம் கொடுக்க யாரோ ஒரு பெரியவர் வருகிறாராமே, மேடையில் வைத்துக் கொடுக்க வேண்டாம், முந்தின நாளே வகுப்பில் கொடுத்துவிடுகிறோம் என்று தாளாளரிடம் சொல்லிப் பார். ஒத்துக்கொள்ளாவிட்டால் எனக்கு எழுது, அவர் என் வகுப்பில் படித்தவர்தான்.

கண் ஆபரேஷன் முடிந்து டாக்டர் விட்டால் வைகாசியில் வருகிறேன். உடன்குடியில் இறங்கி எந்த பஸ் என்று மட்டும் சொல்.

பெரியம்மா