பூவை விடு, கணுவைப் பார்

அன்புள்ள யாழினி,

ஏரிக்கரையில் எடுத்து அனுப்பிய படம் கிடைத்தது. ஊதா நிறத்தில் உதடு பிரிந்த பூ. நீர்முள்ளியாகத்தான் இருக்கும். ஆனாலும் பூவை மட்டும் பார்த்து அடித்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கனகாம்பரம், ஆடாதோடை எல்லாம் இதற்குச் சொந்தக்காரச் செடிகள். அந்தக் குடும்பத்தில் ஊதாப்பூக்காரர்கள் நிறையப் பேர்.

நீ பார்க்க வேண்டியது கணுவை. தண்டு பெரும்பாலும் கிளைக்காமல் நிமிர்ந்து நிற்கும். தடவினால் வட்டமாக இருக்காது, பட்டை தட்டும். கணுவில் சுணை இருக்கும். கணுவைச் சுற்றி ஆறு இலைகள்: வெளியே இரண்டு நீளமானவை, உள்ளே நான்கு குட்டை. ஒவ்வோர் இலையின் கக்கத்திலும் நேரான மஞ்சள் முள் ஒன்று, 2 முதல் 4 செ.மீ. வரை. ஆக, கணுவுக்கு ஆறு முள். கையை விடாதே, குச்சியால் விலக்கி எண்ணு. ஆறு முள்ளும் இருந்தால் பூவே இல்லாவிட்டாலும் அது நீர்முள்ளிதான்.

பெயரில் முள்ளி இருப்பதால் பிச்சாவரம், முத்துப்பேட்டைப் பக்கத்துக் கழிமுள்ளியோடு இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். அதற்கு இலையின் விளிம்பே முள்ளாக இருக்கும். நிற்பதும் உப்பங்கழிச் சேற்றில். நீர்முள்ளிக்கு நல்ல தண்ணீர் வேண்டும், அதுவும் அளவோடு. தாமரை மிதக்கும் ஆழத்துக்கு இறங்காது. சீமைக்கருவேலம் நிற்கும் காய்ந்த மேட்டுக்கும் ஏறாது. மழைக்காலத்தில் நீர் தேங்கி, பிறகு மெல்ல வற்றும் ஏரியோரம், வாய்க்கால், வயல் வரப்போரப் பள்ளம் இவைதான் அதன் இடம். பக்கத்தில் கோரையும் கரிசலாங்கண்ணியும் இருந்தால் சரியான இடத்துக்கு வந்திருக்கிறாய்.

இன்னொரு சோதனையும் உண்டு. முற்றிய விதையில் ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் போடு. சற்று நேரத்தில் விதைகள் வழுவழுவென்று ஊறி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நாட்டு மருந்துக் கடையில் விற்கும் விதைதான், ஆனாலும் வாயில் போட்டுப் பார்க்காதே.

ஏரிக்கரையைச் சுத்தம் செய்யப் பள்ளியில் கிளம்பினால், முள்செடி என்று இதைப் பிடுங்க விடாதே. மயில் வசீகரன் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் இந்த இலையையும் தின்று வளர்கின்றன.

அன்புடன்,
அத்தை