பழைய டயரை ஏன் உருக்க முடியாது?

கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கும் பேளுக்குறிச்சியில் சனிக்கிழமைதோறும் சந்தை கூடும். அந்தச் சந்தைக்கு நீங்கள் சைக்கிளில் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வழியில் முள் குத்திப் பஞ்சர் ஆகிவிடுகிறது. சைக்கிள் கடைக்காரர் டியூபை வெளியே இழுத்து, காற்றடித்து, தண்ணீரில் அமுக்கிப் பார்க்கிறார். குமிழி வரும் இடத்தில்தான் ஓட்டை. அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஒரு ரப்பர் துண்டை ஒட்டுகிறார். அந்தத் துண்டு எங்கிருந்து வந்தது? பல கடைகளில் அது வேறொரு பழைய டியூபிலிருந்து வெட்டி எடுத்ததாகவே இருக்கும்.

கடைக்குப் பின்னால் தேய்ந்த டயர்களும் ஒட்டுப்போட இடமில்லாத டியூப்களும் குவிந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். பழைய இரும்பை உருக்கிப் புதுக் கம்பி செய்கிறோம். ஓட்டைப் பித்தளைக் குடத்தை உருக்கி விளக்குச் செய்கிறோம். பழைய டயரை உருக்கிப் புது டயர் செய்தால் என்ன?

விடை காண ஓர் எளிய சோதனை செய்யுங்கள். ஒரு கிண்ணத்தில் கொதிக்கும் வெந்நீரைப் பெரியவர் ஒருவரை ஊற்றச் சொல்லுங்கள். அதில் ஒரு மெழுகுவர்த்தித் துண்டையும் ஒரு டியூப் துண்டையும் போடுங்கள். மெழுகு உருகி மிதக்கிறது. டியூப் துண்டோ அப்படியே இருக்கிறது. இன்னும் அதிகமாகச் சூடாக்கினாலும் அது உருகி ஓடாது. சிதைந்து, கருகி, நாற்றம் வீசும்.

ஏன் இந்த வேறுபாடு? ரப்பர் மரத்துப் பாலில் கிடைக்கும் ரப்பர், மிக நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆனது. அவை நூல்கண்டு சிக்கியதுபோல் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. சூடுபட்டால் வழுக்கி நகர்ந்துவிடும். அதனால்தான் அந்தக் காலத்து ரப்பர் காலணிகள் கோடையில் பிசுபிசுத்தன, குளிரில் விறைத்தன. 1839இல் அமெரிக்காவைச் சேர்ந்த சார்லஸ் குட்இயர் என்பவர், ரப்பருடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் இந்தக் குறை நீங்குவதைக் கண்டறிந்தார். கந்தக அணுக்கள் ஒரு சங்கிலியையும் அடுத்த சங்கிலியையும் பாலம்போல் இணைத்துவிடுகின்றன. இதற்கு வல்கனைசேஷன் என்று பெயர். 1888இல் டன்லப் என்பவர் தம் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்றடைத்த டயரை உருவாக்கியபோது அவருக்குக் கைகொடுத்ததும் இத்தகைய ரப்பர்தான்.

தனித்தனிக் கயிறுகளைப் பிரித்து எடுத்துவிடலாம். ஆனால் முடிச்சுப் போட்ட வலையைப் பிரிக்க முடியுமா? டயர் அத்தகைய வலை. வெயிலையும் கல்லையும் தாங்க உதவும் அதே கந்தகப் பாலங்கள்தாம் அதை உருக்கவிடாமலும் தடுக்கின்றன. போதாக்குறைக்கு டயருக்குள் நூலிழைகளும், ஓரங்களில் எஃகுக் கம்பியும், ரப்பரோடு கலந்த கார்பன் கரியும் இருக்கின்றன.

"அப்படியானால் எரித்துவிடலாமே" என்கிறீர்களா? கூடாது. டயர் எரியும்போது கந்தகம் கந்தக டை ஆக்சைடாகிக் கண்ணையும் மூச்சுக்குழலையும் எரிக்கிறது. கரும்புகையில் கார்பன் மோனாக்சைடும், புற்றுநோய் உண்டாக்கும் பென்சீன் போன்ற பொருள்களும் இருக்கின்றன. போகியன்று டயர், டியூப்களை எரிக்காதீர்கள் என்று தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் வேண்டுவது இதனால்தான். குளிர்ந்த மார்கழி விடியலில் புகை மேலே எழாமல் தரையோடு தங்கும். அதை முதலில் சுவாசிப்பது தீயைச் சுற்றி நிற்கும் சிறுவர்களே.

சும்மா போட்டு வைப்பதும் ஆபத்துதான். டயரின் வளைந்த உட்புறத்தில் தேங்கும் மழைநீர் எளிதில் வெளியேறாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அங்கே முட்டையிடும். அதன் முட்டைகள் நீர் வற்றினாலும் பல மாதங்கள் உயிரோடிருந்து, மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும். ஏடிஸ் இனத்தைச் சேர்ந்த ஆசியப் புலிக்கொசு இப்படித்தான் பழைய டயர்களோடு கப்பலேறி, 1985இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பரவியிருந்தது கண்டறியப்பட்டது.

பின் என்னதான் வழி? தொழிற்சாலைகளில் ரப்பரைத் தூளாக்கித் தாருடன் கலந்து சாலை போடுகிறார்கள். வெப்பமும் வேதிப்பொருளும் கொண்டு வலையை ஓரளவு பிரித்து, மீட்ட ரப்பராகவும் ஆக்குகிறார்கள். அது புது ரப்பரைவிட வலு குறைந்தது என்பதால் மிதியடி விரிப்பு போன்றவற்றுக்குப் பயன்படும். பழைய டயர்களின் மறுசுழற்சிக்கு டயர் தயாரிப்பாளர்களும் இறக்குமதியாளர்களும் பொறுப்பேற்க வேண்டும் என்று இந்திய அரசு 2022இல் விதி செய்தது.

ஆனால் எல்லாவற்றிலும் சிக்கனமானது, பொருளைப் பொருளாகவே மறுபடி பயன்படுத்துவது. அதற்கு எரிபொருள் வேண்டாம், இயந்திரம் வேண்டாம், ஒரு கத்தரிக்கோல் போதும். டியூபை நீளவாக்கில் வெட்டினால் கேரியரில் புத்தகப்பை கட்டும் பட்டை கிடைக்கும். மரக்கன்றைக் குச்சியோடு கட்டலாம். தண்டு பருக்கும்போது ரப்பர் நெகிழ்ந்து கொடுப்பதால் கயிற்றைப்போல் பட்டையை அறுக்காது. மேசைக் கால்களுக்கு அடியில் வைத்தால் சத்தம் குறையும். டயர் கிழிந்த இடத்தில் உட்புறமாக ஒரு பழைய டயர்த் துண்டை வைத்தால் டியூப் பிதுங்காது; அந்த டயர் இன்னும் சில காலம் ஓடும். சக்கரத்தில் காற்றைச் சரியாக வைத்திருந்தால் டயரே மெதுவாகத்தான் தேயும்.

இனி உங்களுக்கு ஒரு வேலை. உங்கள் வகுப்பில் எத்தனை பேரிடம் சைக்கிள் இருக்கிறது? கடந்த ஓராண்டில் எத்தனை டயர், எத்தனை டியூப் மாற்றினார்கள்? கழற்றியவை எங்கே போயின: கடைக்கா, குப்பைக்கா, தீக்கா? பட்டியலிட்டுப் பாருங்கள். தீக்குப் போனவற்றின் எண்ணிக்கையை அடுத்த போகிக்குள் பூஜ்யமாக்க உங்கள் வகுப்பால் முடியுமா?