வண்ணத்துப்பூச்சிகளின் சாஸ்திரப் பெயர்களும் குலப்பிரிவும்

சென்னையில் மயிலாப்பூர், தியாகராய நகர் முதலிய பகுதிகளின் வீட்டுத் தோட்டங்களிலும், அடையாற்றங்கரையின் பழைய தோப்புகளிலும், கரிய சிறகில் சிவந்த புள்ளிகளையுடைய வண்ணத்துப்பூச்சிகள் பறப்பதைப் பலரும் கண்டிருப்பர். கறிவேப்பிலைக் கன்றின் தளிரைப் புழு தின்றிருக்கக் கண்ட தோட்டக்காரர், இவை யாவும் ஒரே பூச்சியென்றெண்ணிக் கண்ணிற் பட்டவற்றையெல்லாம் அடித்துக் கொல்வதுண்டு. உண்மையில் அவற்றுள் மூன்று இனங்கள் உள. கறிவேப்பிலையைத் தின்பது அவற்றுள் ஒன்றன் புழுவே. மற்ற இரண்டினால் அச்செடிக்கு ஓரிலையும் நஷ்டமில்லை.

தின்னும் இனம் பாபிலியோ பொலிடீஸ் எனப்படுவது. மற்ற இரண்டும் பாக்லியோப்டா என்னும் வேறு குலத்தைச் சேர்ந்த ஹெக்டர், அரிஸ்டொலோக்கியே என்பன. இவ்விரண்டின் புழுக்களும் ஈசுரமூலி முதலிய கொடிகளைத் தின்று வளர்வன. அக்கொடியின் நஞ்சு பூச்சியின் உடலில் தங்குதலால், ஒருமுறை உண்ட பறவை மறுமுறை நெருங்காது. பொலிடீஸின் பெண்பூச்சிகளிற் சில, நஞ்சில்லாதிருந்தும், இவற்றின் வேஷத்தைப் பூண்டு தப்பிக்கின்றன. ஒரே தாயின் முட்டைகளிலிருந்தே ஆண்பூச்சியை ஒத்த பெண்ணும், ஹெக்டரை ஒத்த பெண்ணும் தோன்றக்கூடும். ஹெக்டரை ஒத்த வடிவத்தை 18-ஆம் நூற்றாண்டில் தனியினமாகக் கருதி ரோமுலஸ் என்று பெயரிட்டதில் வியப்பில்லை. வேஷத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி உடலை நோக்குவதே. பாக்லியோப்டாவின் உடலில் சிவப்பு உண்டு. பொலிடீஸின் உடல் கருமையானது. புழுவிலோ ஐயமே இல்லை. பொலிடீஸின் இளம்புழு பறவையெச்சம் போலிருந்து, பின் பசுமையாகும். பாக்லியோப்டாவின் புழு கருஞ்சிவப்பாய், சதைப்பற்றான முளைகள் நிரம்பியிருக்கும்.

1758-இல் ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் வண்ணத்துப்பூச்சிகள் அனைத்தையும் பாபிலியோ என்ற ஒரே குலத்தில் அடக்கினார். டிராய் நகரப் போர்க்கதையிலிருந்து பலவற்றிற்குப் பெயரும் சூட்டினார். ஹெக்டரும் பொலிடீஸும் அந்நகரத்து இளவரசர்கள். எலுமிச்சை, நாரத்தை ஆகியவற்றின் இலையை அழிக்கும் டெமோலியஸும் அக்கதையின் வீரனே. பின்வந்தோர் சிறகின் நரம்பு, கால், முட்டை, புழு, கூட்டுப்புழு ஆகியவற்றை ஒப்பிட்டு அப்பெருங்குலத்தைப் பல குலங்களாகப் பிரித்தனர். இக்காலத்தில் பரம்பரை அணுக்கூறான டி.என்.ஏ.வையும் ஆராய்கின்றனர். ஆகவே குலப்பெயர் மாறுதல் இன்றும் நிகழ்கிறது. மறு சர்வேயில் நம்பர் மாறினும் நிலம் மாறாதது போல, முதற்பெயராகிய குலப்பெயர் மாறினும் பிற்பெயராகிய இனப்பெயர் பெரும்பாலும் நிலைத்திருக்கும். ஓரினத்திற்கு இரு பெயர்கள் இடப்பட்டிருப்பின், பொதுவாக முந்தியதே செல்லும் என்பது சர்வதேச விதி.

பட்டணத்துத் தோட்டத்திற் காணும் இக்குழப்பம் நெல்வயலில் இன்னும் பொல்லாதது. நெல்லிலையை மடக்கும் புழுக்களில் ஒன்று அந்துப்பூச்சியினுடையது; மற்றொன்று வண்ணத்துப்பூச்சியினுடையது. கிராமங்களில் இரண்டையும் இலைச்சுருட்டுப் புழு என்றே சொல்லிவிடுகின்றனர். முன்னது பசுமையைச் சுரண்டி வெண்கோடுகளை விடும். பின்னது இலையை ஓரத்திலிருந்து நடுநரம்புவரை தின்னும். இப்பின்னதற்கு 1798-இல் பாப்ரிசியஸ் என்பார் ஹெஸ்பீரியா மாத்தியாஸ் என்று பெயரிட்டார். அவர் விவரித்த மாதிரி டேனிஷ்காரர் வசமிருந்த தரங்கம்பாடியிலிருந்து சென்றது. தஞ்சைச் சீமைக் கடற்கரையில் பிடிபட்ட பூச்சி உலகநூல்களில் ஏறியது இவ்வாறு. பின்னர் அது சாப்ரா, பர்னாரா எனப் பல குலங்களில் வைக்கப்பட்டு, இப்போது பெலோபிடாஸ் மாத்தியாஸ் என வழங்குகிறது. பழைய நூலில் பர்னாரா என்று கண்டு, புதிய நூலில் அப்பெயரைத் தேடுவோர் ஏமாறுவர். மாத்தியாஸ் என்று தேடுவோர் பெறுவர். மாதுளங்காயைத் துளைக்கும் ஐசோக்ரேட்டீஸும் அத்தகையதே. சில நூல்களில் அது விரக்கோலா, சிலவற்றில் டியூடோரிக்ஸ்.

குலம் மாறியதை அறிய ஓர் அடையாளமும் உண்டு. பெயரிட்டவர் பெயர் பின்னால் வளைகுறிகளுக்குள் அச்சிடப்பட்டிருப்பின், அவர் முதலில் வேறொரு குலத்தில் வைத்தார் என்பது பொருள். மாத்தியாஸிற்குப் பின் பாப்ரிசியஸ் அவ்வாறே வளைகுறிக்குள் நிற்பார். டெமோலியஸ் இன்னும் பாபிலியோவாகவே இருத்தலால் லின்னேயஸ் வளைகுறியின்றி நிற்பார்.

பூச்சியை அடையாளங்காண வேளாண்மை இலாகாவிற்கு அனுப்புவோர், உதிர்ந்த சிறகை மட்டும் அனுப்புதல் போதாது. புழுவை அது தின்ற செடியின் இலையோடு, காற்றுப்புகத் துணிகட்டிய வாயகன்ற புட்டியிலிட்டு, நாடோறும் புதிய இலை கொடுத்து, பூச்சி வெளிவரும்வரை வளர்த்தல் நலம். செடியின் பெயர், கிராமம், பிடித்த தேதி ஆகியவற்றைத் துண்டுக் காகிதத்தில் எழுதிப் பூச்சியோடு வைத்தனுப்ப வேண்டும்.