இனிப்பு நீர் மருந்தும் தாய்ப்பாலும்

தாய்மார்களே! பிள்ளை பெற்ற வீட்டுக்கு வந்து போகிறவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வது வழக்கம். தாய்க்கு இனிப்பு நீர் இருந்துவிட்டால் யோசனை இன்னும் கூடிவிடும். "மருந்து பாலுல எறங்கும், புள்ளைக்கு ஆவாது, மாத்திரைய நிறுத்து" என்பார் ஒருவர். "மாத்திரைய நிறுத்தாதே, பாலை நிறுத்திட்டு டின் பால் குடு" என்பார் இன்னொருவர். கேட்ட தாய் பயந்துபோய், டாக்டரிடம் கேட்காமல் ஏதாவது ஒன்றை நிறுத்திவிடுகிறாள். மருந்தை நிறுத்தினால் தாய்க்குக் கெடுதல். பாலை நிறுத்தினால் பிள்ளைக்கு நட்டம். பெரும்பாலோருக்கு இரண்டையும் நிறுத்தவே வேண்டியதில்லை.

இன்சுலின் ஊசி

ஊசி போடும் தாய் தாராளமாகப் பால் கொடுக்கலாம். இன்சுலின் எல்லாத் தாய்மார்களின் பாலிலும் இயற்கையாகவே இருக்கிறது. பிள்ளையின் வயிற்றுக்குள் போனால் மற்ற உணவைப் போல் செரித்துவிடும். வாயால் விழுங்கினால் செரித்துவிடும் என்பதால்தானே அதை நமக்கு ஊசியாகப் போடுகிறார்கள்!

கவனம் வேண்டியது தாய்க்குத்தான். பிரசவம் ஆனதும் உடம்புக்கு வேண்டிய இன்சுலின் அளவு குறைந்துவிடும். பால் கொடுக்கும்போதும் உடம்பில் உள்ள சீனி செலவாகிறது. ஆகவே மாசமாக இருந்தபோது போட்ட அளவையே போடக் கூடாது. புது அளவை டாக்டரிடம் கேளுங்கள். பால் கொடுக்குமுன் ஏதாவது சாப்பிடுங்கள். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, கண் மங்கல் வந்தால் சீனி இறங்குகிறது என்று பொருள். அளவு 4-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். பிறகு சாப்பிடுங்கள். மயங்கி விழுந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

மெட்ஃபோர்மின்

கிளினிக்கில் அதிகம் கொடுப்பது இந்த மாத்திரைதான். இது பாலில் இறங்குவது உண்மை. ஆனால் எடைக் கணக்கில் பார்த்தால், பிள்ளைக்குப் போவது தாய் உட்கொள்வதில் சுமார் நூற்றில் ஒரு பங்குதான். சோதித்துப் பார்த்த பிள்ளைகளுக்கு இரத்தத்தில் சீனி குறையவில்லை. ஆகவே இதைச் சாப்பிட்டுக்கொண்டே பால் கொடுக்கலாம். குறைமாதப் பிள்ளையாக இருந்தாலும், பிள்ளைக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்தாலும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மற்ற மாத்திரைகள்

எல்லா மாத்திரையும் ஒன்றல்ல. கிளிபென்கிளமைட், கிளிக்ளாசைட் போன்றவை சீனியை வேகமாக இறக்கக் கூடியவை. இவற்றைத் தொடரலாமா, மாற்ற வேண்டுமா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். தொடரச் சொன்னால் பிள்ளையைக் கவனித்து வாருங்கள். பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, எழுப்பியும் எழாமல் தூங்கினாலோ, கை கால் நடுங்கினாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் ஆகியவற்றைப் பால் கொடுக்கும் காலத்தில் தவிர்க்கச் சொல்கிறார்கள். வளரும் பிள்ளையின் சிறுநீரகத்தை அவை பாதிக்கலாம் என்ற அச்சமே காரணம். இரத்த அழுத்தத்திற்கும் கொழுப்புக்கும் சாப்பிடும் மாத்திரைகளையும் மறக்காமல் காட்டிக் கேளுங்கள்.

லேபிள் இல்லாத பொடியும் மாத்திரையும் வேண்டவே வேண்டாம். 2008-ஆம் ஆண்டு சிங்கப்பூரில், கள்ளத்தனமாக விற்ற ஆண்மை மாத்திரைகளில் கிளிபென்கிளமைட் கலந்திருந்தது. அதைச் சாப்பிட்ட பலர் சீனி இறங்கி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். சிலர் உயிரே போய்விட்டது. என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத மருந்து பால் கொடுக்கும் தாய்க்கு எதற்கு?

மாசமாக இருந்தபோது மட்டும் இனிப்பு நீர் வந்தவர்களுக்கு

பிரசவத்திற்குப் பின் பெரும்பாலும் மருந்து தேவைப்படாது. ஆனால் "சரியாப் போச்சு" என்று இருந்துவிடாதீர்கள். ஆறாவது வாரம் சீனித் தண்ணீர் கொடுத்து எடுக்கும் இரத்தச் சோதனைக்குக் கட்டாயம் போக வேண்டும். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். பால் கொடுப்பது பிற்காலத்தில் இந்த நோய் நிலையாக வரும் வாய்ப்பைக் குறைக்கிறது. ஆகவே தாய்ப்பால் பிள்ளைக்கு உணவு மட்டுமல்ல, தாய்க்கும் பாதுகாப்பு.

வேலைக்குத் திரும்பும்போது

2023 சனவரி 1 முதல் சட்டப்படி பிரசவ விடுப்பு 98 நாள். விடுப்பு முடிந்து பிரட்டுக்குப் போகும் நாளில் ஊசியைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு ஓடாதீர்கள். சாப்பிடும் நேரம் மாறினால் மருந்து நேரமும் மாற வேண்டியிருக்கும், தாதியிடம் கேளுங்கள். பையில் கொஞ்சம் சீனி அல்லது மிட்டாய் எப்போதும் இருக்கட்டும்.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது வீட்டில் உள்ள எல்லா மாத்திரையையும் அட்டையோடு எடுத்துப் போங்கள். "நான் பால் குடுக்கிறேன், இது சரியா?" என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கேளுங்கள். பேச்சு புரியவில்லை என்றால் "சூசு இபு" என்று சொன்னாலே போதும், புரிந்துகொள்வார்கள். கணவன்மார்களே, நீங்களும் கூடப் போங்கள். அக்கம்பக்கத்து யோசனையைக் கேட்டு எதையும் நிறுத்தாதீர்கள். டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.