மூழ்கிய படகு மீண்ட வரலாறு

மரத்தாலான மீன்பிடி விசைப்படகுக்கு ஆயுள் எவ்வளவு? முப்பது ஆண்டுகள் நன்றாக உழைத்தாலே அதைக் கட்டியவர் மகிழ்வர். பிறகு அது கரையில் கிடந்து விறகாகும். அல்லது துறையின் ஒரு மூலையில் நீர் புகுந்து அமிழ்ந்துவிடும். அவ்வாறு இருமுறை மூழ்கிய பின்னும் எழுந்துவந்து இன்று கடலில் ஓடும் படகு ஒன்று அமெரிக்காவில் உண்டு. அதன் பெயர் ‘வெஸ்டர்ன் பிளையர்’. பழைய படகு ஒன்றைப் புதுப்பிப்பது எங்ஙனம் என்பதை அதைக்கொண்டே அறியலாம்.

இப்படகு 1937இல் வாஷிங்டன் மாநிலத்து டகோமா நகரில் கட்டப்பெற்றது. நீளம் ஏறத்தாழ 77 அடி. உடற்பலகைகள் டக்ளஸ் ஃபர் என்னும் ஊசியிலை மரத்தால் ஆனவை. 165 குதிரைத்திறன் கொண்ட டீசல் எஞ்சின் அதனை இயக்கியது. கலிபோர்னியாவில் மான்டரே துறையில் மத்தி மீன் பிடிப்பதே அதன் தொழில். 1940 மார்ச்சில் எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக்கும், அவருடைய நண்பரும் கடலுயிர் ஆராய்ச்சியாளருமான எட் ரிக்கெட்ஸும் இதனை வாடகைக்கு அமர்த்திக் கலிபோர்னியா வளைகுடாவுக்குச் சென்றனர். ஏறத்தாழ ஆறு வாரம் கரையோரம் சுற்றி, நூற்றுக்கணக்கான உயிரினங்களைத் திரட்டினர். அப்பயணத்தின் பயனாக ‘கார்ட்டெஸ் கடல்’ என்னும் நூல் 1941இல் வெளிவந்தது. ஸ்டைன்பெக் 1962இல் நோபல் பரிசு பெற்றார்.

படகுக்கோ புகழ் சோறு போடவில்லை. மான்டரேயில் மத்தி மீன் அருகியது. படகு வடக்கே சென்று வேறு மீன்களும் அலாஸ்காவில் நண்டும் பிடித்தது. ‘ஜெமினி’ என்று பெயரும் மாறியது. முதுமையில் கவனிப்பாரற்று 2012இலும் 2013இலும் வாஷிங்டன் மாநிலத்துக் கால்வாய் ஒன்றில் மூழ்கியது. இரண்டாம் முறை பல மாதங்கள் நீருக்குள்ளேயே கிடந்தது. கடற்புவியியல் அறிஞர் ஒருவர் 2015இல் அதனை வாங்கினார். போர்ட் டவுன்செண்ட் என்னும் ஊரின் படகுத் தச்சர்கள் அதனைப் புதுப்பித்தனர்.

மரப்படகு ஏன் கெடுகிறது? கடல்நீர்தான் பகை என்று நாம் எண்ணுவோம். உண்மையில் உப்புநீர் மரத்தை உளுக்கவைக்கும் பூஞ்சையைத் தடுக்கும். மேல்தளத்தின் இடுக்கில் ஒழுகும் மழைநீரே கொடியது. மரத்தின் ஈரம் நூற்றுக்கு இருபது பங்கைத் தாண்டிக் காற்றோட்டமும் இல்லாது போனால் பூஞ்சை வளரும். வெளியே கப்பற்புழு துளைக்கும். பெயர் புழுவாயினும் அது சிப்பியின் இனமே. இரும்பு ஆணியோ துருப்பிடித்துப் பருத்து, தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும். ஆகவே பார்வைக்கு நல்லதாய்த் தோன்றும் பலகையைத் தட்டியும் கூரிய ஊசியால் குத்தியும் பார்ப்பதே தச்சனின் முதல் வேலை.

அடுத்தது உருவத்தைக் காத்தல். முதிய படகு தன் எடையாலேயே வளைந்திருக்கும். அதனைக் கரையேற்றி, பல இடங்களில் முட்டுக்கொடுத்து, அளவுகளை வரைபடமாக்க வேண்டும். எல்லாப் பலகைகளையும் ஒருசேரக் கழற்றினால் உருவமே தொலைந்துபோகும். அடிமரமாகிய ஏராவையும், விலா எலும்புபோல் நிற்கும் வங்குகளையும் பகுதி பகுதியாக மாற்றுவர். ஒன்றைக் கழற்றும்போது அதன் அண்டையில் உள்ளது உருவத்தைத் தாங்கி நிற்கும். புதிய மரத்தை நீராவியில் வேகவைத்து, சூடு ஆறுமுன் வளைத்துப் பொருத்துவர். பலகைகளின் இடைவெளியில் பஞ்சையும் தார் தோய்ந்த நாரையும் உளியால் அடித்துத் திணிப்பது கலப்பற்று வேலை. படகு நீரில் இறங்கியதும் மரம் ஊறிப் பருத்து, அந்த இடைவெளியை இறுக்கிக்கொள்ளும்.

இவ்வாறு பல ஆண்டுகள் உழைத்தபின் வெஸ்டர்ன் பிளையர் 2022இல் மீண்டும் நீரில் இறங்கியது. உடலின் மரத்தில் பெரும்பகுதி புதியது. மேல்தளத்து அறைகளிலேயே பழைய மரம் மிகுதியாக எஞ்சியது. எஞ்சினும் பழையதன்று, டீசலும் மின்சாரமும் சேர்ந்து இயக்கும் புதிய அமைப்பு.

அப்படியானால் இது பழைய படகுதானா? இவ்வினா நியாயமானதே. நம் ஊர்த் தேரை நினைத்துப் பாருங்கள். சக்கரம் மாறுகிறது, அச்சு மாறுகிறது, சிற்பப் பலகையும் மாறுகிறது. ஆயினும் ஊரார் அதனை வேறு தேர் என்று சொல்வதில்லை. அதே வீதியில், அதே வேலைக்காக ஓடுவதால் அது அதே தேர். படகும் அவ்வாறே. கண்ணாடிக் கூடத்தில் வைத்திருந்தால் பழைய மரத்தைக் காத்திருக்கலாம். ஆனால் படகு இராது. 2023 நவம்பரில் மான்டரே திரும்பிய இப்படகு கடலாராய்ச்சிக்கும் மாணவர்களின் கல்விக்கும் பயன்படுகிறது. பழைய எஞ்சினை விட்டுக்கொடுத்துப் பழைய தொழிலின் நோக்கத்தை மீட்டனர் எனலாம்.

இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. 1952இல் கையெழுத்தான இந்திய-நார்வே உடன்படிக்கையின் பயனாகக் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் மர விசைப்படகுகள் இறங்கின. பின்னர் நம் கரைகளில் எஃகும் கண்ணாடியிழையும் மரத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. அது வளர்ச்சியே, குறை கூறுவதற்கில்லை. ஆனால் எல்லாப் படகையும் நாம் புதுப்பிக்க இயலாது என்பதால், எல்லாவற்றையும் மறந்துவிட வேண்டும் என்பதில்லை. புகழ்பெற்ற பயணி ஏறிய படகுக்குப் பொருளுதவி கிடைக்கும். பெயரற்ற படகுக்கு அது கிடைக்காது. பொறியியல் பயிலும் நண்பர்கள் விடுமுறையில் கரைக்குச் சென்றால், உடைக்கப்படும் முன் ஒரு படகையேனும் அளந்து வரையலாம். தமிழ் பயில்வோர் அதன் உறுப்புகளின் பெயர்களை முதிய தச்சரிடம் கேட்டு எழுதலாம். மரத்தை மறுபடி வாங்கிக்கொள்ளலாம். தச்சரின் கையறிவு போய்விட்டால் எக்கடையிலும் கிடைக்காது.